மூங்கிற்காட்டு ஆவிகள்



பேய் என்ற சொல்லைக் கேட்டவுடன் வரலாற்றாசிரியன் ஒதுங்கிப் போய்விட வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசாணை ஆகியவற்றோடு அவன் நின்றுவிட வேண்டுமாம். நள்ளிரவில் வெள்ளாடையோடு உலவும் உருவங்களைப் பாட்டிமார்க்கும் திரைப்படக்காரர்க்கும் விட்டுவிட வேண்டுமாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு கற்பித்த எனக்கு இக்கருத்து உடன்பாடன்று. பேய் உண்டா, இல்லையா என்பது வரலாற்றாசிரியன் தீர்ப்புக் கூற வேண்டிய வழக்கே அன்று. ஆனால் ஒரு பேரரசர் இறந்துபோன தம் தம்பியின் ஆவிக்கு அஞ்சினார், அஞ்சி அவருக்குப் பட்டம் வழங்கினார் என்றால், அந்த அச்சம் வரலாற்று நிகழ்ச்சியாகிவிடுகிறது. அதற்கு ஆண்டு உண்டு, ஆவணம் உண்டு, காரணமும் உண்டு.

இன்று நான் ஒரு ஜப்பானியப் பேய்ப் படத்தைப் பற்றிப் பேச முன்வந்ததற்கு இதுவே காரணம். படத்தின் பெயர் ‘குரோநெக்கோ’. கரும்பூனை என்பது பொருள். 1968ஆம் ஆண்டில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இயக்கியவர் ஷிந்தோ கனேத்தோ. அவ்வாண்டு கான் நகரத் திரைப்பட விழாவின் போட்டிக்கு அது தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ஆனால் பிரான்சு நாட்டில் மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்த அந்த மே மாதத்தில் விழாவே பாதியில் நின்றுபோயிற்று. பரிசு எவருக்கும் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெயான் காலம், அதாவது இன்று கியோத்தோ எனப்படும் நகரில் பேரரசரின் அவை சிறந்திருந்த காலம். எங்கும் போர். ஒரு மூங்கிற்காட்டின் ஓரத்தில் ஓர் உழவர் குடிசை. அதில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருக்கின்றனர். வீட்டு ஆண்மகனான ஹாச்சியைப் போருக்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள். காட்டிலிருந்து சாமுராய்ப் படைவீரர் கூட்டம் ஒன்று வெளிப்படுகிறது. ஓடையில் குனிந்து நீர் குடிக்கிறது. குடிசைக்குள் புகுந்து இருந்த உணவை எல்லாம் தின்கிறது. இரு பெண்களையும் வன்கொடுமை செய்து கொன்று, குடிசைக்கும் தீயிட்டு, வந்த வழியே காட்டுக்குள் மறைகிறது. இத்தனையும் நடக்கும்போது படத்தில் பேச்சு என்பதே அநேகமாக இல்லை. சாம்பலிடையே கிடக்கும் உடல்களை ஒரு கரும்பூனை வந்து நக்குகிறது.

பிறகு, தலைநகரின் தென்வாயிலாகிய ராஷோமொன் அருகே, இரவில் தனியே குதிரையேறி வரும் சாமுராய்களை ஓர் இளம்பெண் எதிர்கொள்கிறாள். குரோசாவா 1950ஆம் ஆண்டில் எடுத்த படத்தின் வாயிலாக உலகம் அறிந்துகொண்ட வாயில் அது. காட்டு வழியில் துணைக்கு வருமாறு அவள் வேண்டுகிறாள். தன் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, மாமியாரைக் கொண்டு மது அளிக்கச் செய்து, வந்தவனின் குரல்வளையைக் கடித்துக் கொல்கிறாள். சாமுராய் இனம் முழுவதையும் கொன்று குருதி குடிப்பதாக இவ்விருவரும் தீய தெய்வங்களிடம் சூளுரைத்து ஆவி வடிவம் பெற்றவர்கள். இவர்களை ஒழிக்குமாறு படைத்தலைவன் ராய்க்கோவுக்கு அரசாணை பிறக்கிறது. ராய்க்கோ அந்தப் பணியை ஒப்படைப்பது யாரிடம் தெரியுமா? வடபுலப் போரில் பகைத்தலைவன் ஒருவனைக் கொன்று, அவன் தலையைக் கொண்டுவந்து, அதற்குப் பரிசாக சாமுராய்ப் பட்டமும் கின்தோக்கி என்ற புதுப்பெயரும் பெற்ற ஓர் இளைஞனிடம். அவனே பழைய ஹாச்சி. தாயையும் மனைவியையும் அவன் கொல்ல வேண்டும். அவர்களோ சாமுராயாகிவிட்ட அவனைக் கொல்ல வேண்டும்.

சில திங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் திரைப்படக் கழகத்தார் இப்படத்தைத் திரையிட்டு, முடிந்தபின் என்னைப் பேச அழைத்திருந்தனர். பேசுவதைக் காட்டிலும் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டதே எனக்குப் பயன் தந்தது. ஒரு மாணவர், “அச்சமே தோன்றவில்லை ஐயா, ஆவிகள் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகின்றன, நாடகம் போல நடக்கின்றன” என்றார். உண்மைதான். அது நாடகமே. ஜப்பானியரின் நோ நாடகத்தில் ஆவி மெல்ல மெல்ல அடியெடுத்து வரும். கபுக்கி நாடகத்தில் அது அந்தரத்தில் பறக்கும். ஷிந்தோ இரண்டையும் கலந்திருக்கிறார். கின்தோக்கியாக நடித்த நகமுரா கிச்சியெமொன் (1944–2021) கபுக்கி மரபில் வந்த பெருங்கலைஞர். திடுக்கிடச் செய்வது இயக்குநரின் நோக்கமன்று. எனவே அந்த மாணவரின் ஏமாற்றத்திற்குப் படத்தைப் பொறுப்பாக்க நான் ஒருப்படவில்லை.

இரண்டாவது கருத்துச் சற்றுக் கனமானது. “தீங்கு செய்தவர் ஒரு கூட்டத்தார், சாமுராய் என்ற பெயர் தாங்கிய எல்லாரையும் கொல்வது எப்படி நீதியாகும்?” என்றார் மற்றொருவர். அதற்கு நான் விடை கூறுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “வேறு எந்த நீதிமன்றத்திற்கு அவர்கள் போயிருக்க முடியும்?” என்று கேட்டார். இவ்விரு வினாக்களுக்கும் விடை வரலாற்றில் இருக்கிறது. ஆகவே ஹெயான் காலத்திற்கே செல்வோம்.

அந்தத் தலைநகரின் பிறப்பிலேயே ஓர் ஆவியின் நிழல் படிந்திருக்கிறது. பேரரசர் கன்மு முதலில் நகாஒகா என்னுமிடத்தில் புதிய தலைநகர் கட்டத் தொடங்கினார். கட்டட வேலைக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் 785ஆம் ஆண்டில் அம்பெய்து கொல்லப்பட்டார். பேரரசரின் தம்பியும் பட்டத்துக்குரியவருமான இளவரசர் சவாராவின்மேல் பழி விழுந்தது. அவாஜித் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட அவர், உணவை மறுத்து வழியிலேயே உயிர் நீத்தார். அதன்பின் அரண்மனையில் சாவுமேல் சாவு. பேரரசரின் தாயார் மறைந்தார், அரசியார் மறைந்தார், புதிய பட்டத்திளவரசர் நோயுற்றார். குறி பார்த்தவர்கள் சவாராவின் சினமே காரணம் என்றனர். 794ஆம் ஆண்டில் தலைநகர் ஹெயானுக்கு மாற்றப்பட்டது. ஆற்று வெள்ளம் முதலிய வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் 800ஆம் ஆண்டில் இறந்த தம்பிக்குப் பேரரசர் என்ற பட்டமே வழங்கப்பட்டதே, அதற்கு வெள்ளம் காரணமாக முடியுமா?

863ஆம் ஆண்டில் கொள்ளை நோய் பரவியபோது அரசே முன்னின்று அரண்மனைத் தோட்டத்தில் ஒரு சாந்தி விழா நடத்தியது. சவாரா முதலாக, அரசியற் சூழ்ச்சியில் வீழ்ந்து வருந்தி இறந்த அறுவருடைய ஆவிகளை அமைதிப்படுத்துவதற்கான விழா அது. இத்தகைய ஆவிகளை மரியாதையோடு ‘கோரியோ’ என்றனர். கியோத்தோவில் இன்றும் சூலை மாதம் முழுவதும் நடைபெறும் கியோன் திருவிழாவுக்கும் இதே அச்சமே வித்து. அதன் தொடக்கத்தை 869ஆம் ஆண்டில் வைத்துச் சொல்வர்.

ஆனால் மாணவர்களாகிய உங்களுக்கு மிகவும் சுவை தரக்கூடிய ஆவி சுகவாரா மிச்சிசானே என்பவருடையதே. 845ஆம் ஆண்டில் பிறந்த இவர் பெரும் புலவர். கல்வியாலேயே உயர்ந்து வலப்புற அமைச்சர் என்ற பெரும் பதவியை அடைந்தவர். அவையில் கோலோச்சியது ஃபுஜிவாராக் குடும்பம். அக்குடும்பத்துத் தொக்கிஹிரா கோள் மூட்ட, 901ஆம் ஆண்டில் மிச்சிசானே தொலைவிலுள்ள கியூஷுத் தீவின் தசாய்ஃபுவுக்குப் பெயரளவான ஒரு பதவி தந்து அனுப்பப்பட்டார். இன்றைய அலுவலக மொழியில் சொன்னால் தண்டனை மாறுதல். (இதன் பொருளை ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) 903ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார்.

இதன்பின் நடந்தவற்றை ஆண்டு வாரியாகக் கேளுங்கள். 909இல் தொக்கிஹிரா இளமையிலேயே மாண்டார். 923இல் பட்டத்திளவரசர் மாண்டார். உடனே அவ்வாண்டே மிச்சிசானேயின் பழைய பதவி, இறந்த அவருக்குத் திருப்பித் தரப்பட்டது. 930இல் அரண்மனையின் மேல் இடி விழுந்து அவையினர் சிலர் உயிரிழந்தனர். அதைக் கண்டு நோயில் வீழ்ந்த பேரரசர் தைகோவும் அவ்வாண்டே காலமானார். 947இல் தலைநகரின் வடபால் கித்தானோவில் மிச்சிசானேக்குக் கோயில் எழுந்தது. 993இல், இறந்து தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, நாட்டின் முதன்மை அமைச்சர் பதவிக்கே அவர் உயர்த்தப்பட்டார்! இடித் தெய்வமாக அஞ்சப்பட்டவர் காலப்போக்கில் கல்வித் தெய்வமாகிவிட்டார். இன்றும் ஜப்பானிய மாணவர்கள் நுழைவுத் தேர்வுக்கு முன் அவர் கோயில்களில் மரப்பலகையில் தம் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுகின்றனர்.

இப்பட்டியலில் ஒன்றை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இளவரசர், அமைச்சர், அரசியின் நிலையிலிருந்த மாது, ஆளுநர். இவர்களே ஆவியாகி நாட்டை ஆட்டிவைத்தனர். ஆவியாவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. வாழும்போது அவையில் இடம் பெற்றிருந்தவனுக்கே இறந்தபின் அவையை அச்சுறுத்தும் உரிமை கிடைத்தது. 940ஆம் ஆண்டில் கிழக்கு மாநிலத்தில் கிளர்ச்சி செய்து வீழ்ந்த மசகாதோ என்பவரின் தலை கியோத்தோவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அத்தலைக்குரியது என்று சொல்லப்படும் மேடையை இன்றும் டோக்கியோவின் வணிகக் கட்டடங்களுக்கு நடுவே போற்றிக் காத்து வருகின்றனர். அவரும் பேரரசர் மரபில் வந்தவரே. அவரோடு மாண்ட காலாட்களின் ஆவிகள் எங்கே சென்றன? ஏடுகளில் அதற்கு இடமில்லை.

மாணவி கேட்ட வினாவுக்கு இப்போது வருகிறேன். உழவர்க்கு நீதி வழி முற்றிலும் அடைபட்டிருந்தது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 988ஆம் ஆண்டில் ஒவாரி மாநிலத்து வட்ட அலுவலரும் குடிமக்களும் சேர்ந்து, தம் ஆளுநர் ஃபுஜிவாரா மொதொனாகாவின் கொடுமைகளை 31 கூறுகளாக எழுதிப் பேரரசரின் அவைக்கு முறையிட்டனர். மிகை வரி, கடன் என்ற பெயரில் பறிப்பு, ஆளுநரின் ஆட்கள் செய்த அட்டூழியம் என்று அம்முறையீடு நீள்கிறது. மறு ஆண்டே அந்த ஆளுநர் பதவியிழந்தார். இம்முறையீட்டின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. ஹெயான் காலத்தைப் படிக்க விரும்புவோர் அரசவை மகளிரின் காவியங்களோடு இதனையும் படிக்க வேண்டும் என்பேன். ஆயினும் எண்ணிப் பாருங்கள். அம்முறையீட்டின் பின்னால் எழுத்தறிந்த அலுவலர் இருந்தனர். தலைநகர் சென்று காத்திருக்கும் வலிமை இருந்தது. வரி வருவாய் குறையுமோ என்ற அவையின் கவலையும் இருந்தது. மூங்கிற்காட்டுக் குடிசையில் எரிந்துபோன இரு பெண்களுக்கு இவற்றுள் எது உண்டு?

இங்கேதான் ஷிந்தோ செய்த செயலின் அருமை விளங்குகிறது. இளவரசருக்கும் அமைச்சருக்கும் உரியதாயிருந்த ஆவிப் பதவியை அவர் பெயரற்ற ஓர் உழத்திக்கும் அவள் மருமகளுக்கும் வழங்கிவிட்டார். அதுமட்டுமன்று. ராய்க்கோ கற்பனைப் பாத்திரம் அல்லன். 948 முதல் 1021 வரை வாழ்ந்த மினமோத்தோ குலத் தலைவன். அவனும் அவன் தோழர்களும் அரக்கரை அழித்த கதைகளை ஜப்பானியக் குழந்தைகள் படக்கதையாகப் படித்து வளர்கின்றனர். அவன் வீரர்களுள் ஒருவனாகிய வதனபே என்பவன் ஓர் அரக்கனின் கையை வெட்டி வைத்திருக்க, அரக்கன் அவ்வீரனின் அத்தை வடிவில் வந்து கையைப் பறித்துக்கொண்டு கூரையைப் பிளந்து போன கதை அங்கே எல்லார்க்கும் தெரியும். ஷிந்தோ அதே கதையை எடுத்துக்கொண்டார். ஆனால் வெட்டுண்ட கை பெற்ற தாயின் கை! பழங்கதையில் அரக்கர் யார், ஏன் அரக்கராயினர் என்று எவரும் கேட்பதில்லை. இப்படம் அதைக் கேட்கிறது. வீரக்கதை முழுவதையும் வெட்டுப்பட்டவரின் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்கிறது.

எல்லாச் சாமுராய்களையும் கொல்வது நீதியா என்ற வினாவுக்கும் படத்திலேயே விடை உண்டு. அச்சூளின் கொடுமையை ஷிந்தோ மறைக்கவில்லை. மருமகள் தன் கணவனைக் கொல்ல மறுக்கிறாள். ஏழு இரவுகள் அவனோடு வாழ்ந்துவிட்டு, சூளுறவை மீறியதற்கு விலையாக நரகத்தை ஏற்றுக்கொள்கிறாள். தாய் அப்படிச் செய்வதில்லை. பழி என்பது ஒருமுறை உறுதி செய்யப்பட்டபின் ஆள் அடையாளம் பார்ப்பதில்லை. பெற்ற மகனையும் அது ‘சாமுராய்’ என்றே பார்க்கிறது. மறுபுறம், மகனும் குற்றமற்றவன் அல்லன். ஒரு தலையைக் கொண்டுவந்து உயர்ந்தவன் அவன். வடபுலத்தில் எந்தக் குடிசையில் எந்தத் தாய் அத்தலைக்காகக் காத்திருந்தாளோ!

ஹெயான் காலத்து இளவரசருக்கும் 1968ஆம் ஆண்டின் உழத்திக்கும் இடையே ஒரு படி உண்டு. அதையும் தொட்டுச் செல்ல வேண்டும். தொக்குகாவா ஆட்சிக் காலத்தில் எதோ நகரக் கபுக்கி அரங்குகளில் ஆவிகள் இல்லத்தரசியரும் பணிப்பெண்களுமாக இறங்கி வந்தன. 1825ஆம் ஆண்டில் நான்காம் த்சுருயா நன்போக்கு எழுதி அரங்கேறிய ‘யொத்சுயா’ பேய்க் கதையின் தலைவி ஓஇவா. வேறு மணம் வேண்டிய கணவனாலும், மருந்து என்று நஞ்சை அனுப்பிய அண்டை வீட்டாராலும் முகம் சிதைந்து இறந்து பழி தீர்ப்பவள். பத்துத் தட்டுகளில் ஒன்று குறைந்ததற்காகக் கொல்லப்பட்டுக் கிணற்றிலிருந்து ஒன்பது வரை எண்ணி அழும் ஒகிக்கு என்ற பணிப்பெண்ணின் கதையும் அக்காலத்தில் பெரிதும் பரவியது. வெள்ளைச் சவ ஆடையும் அவிழ்ந்து தொங்கும் கூந்தலும் இக்காலத்து ஓவியராலும் நடிகராலும் நிலைபெற்றவை. 1629ஆம் ஆண்டிலேயே மகளிர் மேடையேறத் தடை வந்துவிட்டதால், ஓஇவாவாக நடித்து மக்களை நடுங்கச் செய்தவரும் ஆடவரே. சமகாலத்துச் சாமுராய்க் குடும்பங்களின் செய்திகளை உண்மைப் பெயரோடு மேடையேற்ற அரசு இடந்தராத நாட்டில், கணவனின் கொடுமையைப் பேச ஆவிக்கு மட்டும் தடையில்லை.

இனி ஷிந்தோவைப் பற்றிச் சில சொற்கள். 1912ஆம் ஆண்டில் ஹிரோஷிமா மாவட்டத்தில் பிறந்து, நூறாண்டு வாழ்ந்து, 2012ஆம் ஆண்டில் மறைந்தவர். 1944ஆம் ஆண்டில், முப்பது வயதைக் கடந்தபின், கடற்படையில் கடைநிலை ஆளாகச் சேர்க்கப்பட்டார். அவரோடு சேர்க்கப்பட்டோர் நூறு பேர். யார் எங்கே செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். போர் முடிந்தபோது அந்த நூற்றுவருள் உயிரோடிருந்தவர் அறுவர். இதை அவரே பலமுறை கூறியிருக்கிறார். 1952ஆம் ஆண்டில் ‘ஹிரோஷிமாவின் குழந்தைகள்’ எடுத்தார். 1960ஆம் ஆண்டின் ‘நிர்வாணத் தீவு’ படத்தில் ஓர் உழவர் குடும்பம் நீர் சுமப்பதையே ஏறத்தாழப் பேச்சின்றிக் காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டு மாஸ்கோவில் பெரும்பரிசு கிடைத்தது. ‘குரோநெக்கோ’ எடுத்த கையும் அதே கைதான். ஓடையில் நீர் குடிக்கும் அந்தப் படைவீரர்களின் முகங்களைப் பாருங்கள். கொடியவர் என்பதற்கு முன், அவர்கள் பசித்தவர். போர் அவர்களை அப்படி ஆக்கி அனுப்பியிருக்கிறது.

படத்தில் குறை இல்லையா என்றால், உண்டு. இடைப்பகுதியில் அந்த ஏழு இரவுகள் சற்று நீண்டுவிட்டன. கொலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முறையில் நிகழ்வதும் சிலருக்குச் சலிப்புத் தரலாம். இன்று உங்களுள் பலர் விரும்பிப் பார்க்கும் 1998ஆம் ஆண்டின் ‘ரிங்கு’ படத்தில், கிணற்றிலிருந்து வரும் பெண்ணாவி அவற்றைவிட விரைவாக உங்களை நடுங்க வைக்கும். ஒகிக்குவின் கிணறும் ஓஇவாவின் கூந்தலும் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவள் பழிவாங்குவது ஒரு நாடாவைப் பார்த்துவிட்ட எவரையும். தீங்கு செய்தவன் யார், அவன் எந்த வகுப்பைச் சார்ந்தவன், அவனுக்கு வாளை யார் தந்தார் என்ற வினாக்கள் அங்கே தேய்ந்துவிட்டன. திறமையான படம்தான், என் நெஞ்சம் பழைய படத்தின் பக்கமே சாய்கிறது.

‘குரோநெக்கோ’வின் இறுதியில் தாய், அரசவையிலிருந்து வந்த குறி சொல்பவள் போல வேடமிட்டு மகனிடம் வருகிறாள், வெட்டுண்ட தன் கையைப் பறித்துக்கொண்டு கூரையைப் பிளந்து மறைகிறாள். மகன் சித்தம் கலங்கி, வாளைச் சுழற்றியபடி, “அம்மா” என்று கூவிக்கொண்டு ஓடுகிறான். எரிந்துபோன பழைய குடிசை இருந்த இடத்தில் வீழ்கிறான். பனி பெய்து அவனை மூடுகிறது. எங்கோ ஒரு பூனை கத்துகிறது. பதவி உயர்த்தி ஆணை விடுக்க அங்கே எவரும் வரவில்லை.